பின்கேட்டுக்காரங்க

காலையில பதினொண்ணு பத்துக்கு அந்த போன் வந்தது. காதுல வெச்ச கையோட எழுந்து நின்னுட்டேன்.

"குழந்தைகள் நலக் குழு ஆபீஸ்லேருந்து பேசறோம். உங்க இல்லத்து ஏழாம் நம்பர் பொண்ணோட விசாரணை அடுத்த வாரம் இல்ல, இன்னைக்கே. மூணு மணிக்கு வந்துடுங்க. தலைவியம்மா நாளையிலேருந்து லீவு."

"இன்னைக்கா? என்ன சார், விளையாடறீங்களா?"

அந்தப் பக்கம் போனை வெச்சாச்சு.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில இருக்கும், அதை முதல்லயே சொல்லிடறேன். ரிசீவரை நான் வெச்ச வேகத்துல மேஜை மேல இருந்த டீ கிளாஸ் ஆடிச்சு. ஆனா கோபமெல்லாம் அரை நிமிஷம்தான். தலை போற அவசரம்னு ஒண்ணு வந்துட்டா எனக்கு ரெக்கை முளைச்சிடும். அன்னைக்கும் முளைச்சது.

போக்கிடம் இல்லாத கர்ப்பிணிப் பொண்ணுங்களுக்கும், யாரோ விட்டுட்டுப் போன பிள்ளைங்களுக்கும்தான் எங்க இல்லம். கீழ நாப்பத்தோரு பிள்ளைங்க. மாடியில பன்னெண்டு அறை, பன்னெண்டு பொண்ணுங்க. சமைக்கறது, மருந்து கொடுக்கறது, பிள்ளைங்களைக் குளிப்பாட்டறது எல்லாத்துக்கும் வேற ஆட்கள் உண்டு. என் வேலை போன். இருபது வருஷமா அதே மேஜை, அதே ஜன்னல், ஜன்னலுக்கு நேரா முன்கேட். வாட்ச்மேன்லேருந்து ரெண்டு வயசு வாண்டு வரைக்கும் என்னை டெலிபோன் அக்கான்னுதான் கூப்பிடும்.

என்கிட்ட பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கு. அதுல நானூத்திப் பன்னெண்டு பேர். நன்கொடை லிஸ்ட்டுன்னு நினைச்சுடாதீங்க, அது ஆபீஸ்காரங்க சமாச்சாரம். இது வேற. யார்கிட்ட எதைக் கேக்கலாம், எப்பக் கேக்கலாம், யார் வழியா கேக்கலாம்னு இருபது வருஷமா நான் எழுதி வெச்சது. பல் டாக்டர் காலையில எரிஞ்சு விழுவார், சாயங்காலம் தங்கமான மனுஷன். பஸ் கம்பெனிக்காரர்கிட்ட நேரா போனா வேலைக்கு ஆகாது, அவர் மாமியார்கிட்ட பேசணும். இந்த நோட்டை வெச்சு ஒரு மணி நேரத்துல ஆறு கட்டில் வரவழைச்சிருக்கேன். ஒரு மதியத்துக்குள்ள ஏழு பாட்டில் ரத்தம் சேர்த்திருக்கேன். எனக்கு அதுல தலைக்கனம் உண்டு, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்.

இப்ப ஏழாம் நம்பர் பொண்ணு விஷயத்துக்கு வரேன். இருபது வயசு. அஞ்சு மாசக் கர்ப்பத்தோட ஒரு பையைத் தூக்கிட்டு வந்தவ. அப்பா அம்மா இல்ல, கூட வாழ்ந்தவன் ஓடிட்டான். இருபத்தாறு நாளைக்கு முன்னாடி பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு அப்புறம் எங்க இல்லத்துல முப்பது நாள்தான் தங்கலாம், அது சட்டம். அதுக்கப்புறம் தாயும் பிள்ளையுமா வெளிய போகணும்னா குழு ஒத்துக்கணும். ஒத்துக்கறதுக்கு வெளியாட்கள் மூணு பேர், 'இவளுக்கு நாங்க இருக்கோம்'னு கையெழுத்துப் போடணும். மூணு பேர் இல்லைன்னா குழந்தை மட்டும் அரசாங்கக் காப்பகத்துக்குப் போயிடும். ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்னு எழுதுவாங்க.

ஆறு மாசம்னு அவங்க லேசா எழுதிடுவாங்க. நான் இந்த இல்லத்துலயே வளர்ந்தவ. என் ஃபைல்ல ஒரு வரி இருக்கு: 'ஆறு மாதத்தில் வந்து அழைத்துச் செல்வதாகத் தாய் கூறியுள்ளார்.' எனக்கு இப்ப நாப்பத்திமூணு வயசு ஆகுது.

அதனால நோட்டைப் புரட்டினேன். புரட்டவே வேண்டாம், இந்த வேலைக்கு என்கிட்ட மூணு பெரிய தலைங்க ரெடியா உண்டு. எப்பவும் அவங்கதான். துணிக்கடை ஷோரூம் வெச்சிருக்கற சார். ரிட்டயரான டாக்டரம்மா. அடுக்குமாடிக் குடியிருப்போட செயலாளர், தொட்டில் தானம் பண்ணவர். மூணு போன், மூணே நிமிஷம்.

"சார், இன்னைக்கு மூணு மணி, ஒரு கையெழுத்து, ஒரு உயிரு."

"அடடா, நீங்க கூப்பிட்டு நான் வராம இருப்பேனா டெலிபோன்? கார் அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க!"

பாத்தீங்களா? இதுக்குத்தான் நோட்டு வேணுங்கறது. வராந்தாவுல நான் நடக்கல, குதிச்சேன்.

நீலக் கோட்டை எடுத்து மாட்டினேன். எங்க ஊழியர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி நீலக் கோட்டு. முன்னாடியெல்லாம் லாண்டரியிலேருந்து வந்தா யாருது யாருக்கு வருதுன்னே தெரியாது. நர்ஸோட கோட்டு எனக்கு வந்து மூச்சு முட்டும், என் கோட்டு சமையல்காரம்மாவுக்குப் போய் பித்தான் தெறிக்கும். பிள்ளைங்க துணியும் அப்படித்தான். கூடத்துல ஒரே அலமாரி, கைக்கு வந்தது அன்னைக்கு நம்ம சட்டை. நான் வளர்ந்ததே அப்படித்தான். கொஞ்ச நாளா என் கோட்டு என்கிட்டயே சரியா வந்துட்டிருந்தது. லாண்டரியில புது ஆள் போட்டிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

மாடிக்கு ஓடினேன். அந்தப் பொண்ணு ஜன்னலோரமா குழந்தைக்குப் பால் கொடுத்துட்டு இருந்தா.

"கிளம்பு, கிளம்பு! இன்னைக்கே விசாரணை."

அவ முகம் வெளுத்துப் போச்சு. "இன்னைக்காக்கா? யாரு வராங்க எனக்கு?"

"மூணு பேர். பெரிய இடம். நீ கவலையே படாத."

"எனக்கு அவங்களைத் தெரியாதேக்கா. நான் ஒண்ணு கேக்கட்டுமா? பின்கேட்டுல—"

"கேள்வியெல்லாம் அப்புறம். குழந்தைக்குத் தொப்பி எடுத்துக்கோ. அங்க வந்து நீ வாயே திறக்க வேண்டாம், நான் பாத்துக்கறேன்."

அவ கை நீட்டித் தொப்பியை எடுத்துக்கிட்டா. அவளை நான் பாத்த வரைக்கும் வாயில்லாப் பூச்சிதான். மாடிப்படியில எதிர்ப்பட்டா தலையைக் குனிஞ்சுக்குவா. அஞ்சு மாசத்துல என்கிட்ட பத்து வார்த்தை பேசியிருந்தா அதிகம்.

கார் வந்தது. ஷோரூம் சார் முன்னாடி, டாக்டரம்மாவும் நானும் பொண்ணும் குழந்தையும் பின்னாடி. செயலாளர் தன்னோட ஸ்கூட்டர்ல நேரா வந்துட்டார். ரெண்டே முக்காலுக்கெல்லாம் ஆபீஸ் வாசல்ல நின்னோம். எனக்குத் தரையில கால் பாவல.

விசாரணை அறை சின்னது. நீள மேஜை, மேல மெதுவா சுத்தற ஃபேன், சுவத்துல ஒரு பெரிய கடிகாரம். மேஜைக்கு நடுவுல தலைவியம்மா. புதுசா வந்தவங்க, இவங்க முன்னாடி நான் ஒரு கேஸும் கொண்டு வந்ததில்ல. பழைய தலைவர் ரொம்ப நல்லவர், கையெழுத்துப் போட இடத்தைக் காட்டிட்டு ஜன்னலைப் பாத்துட்டு இருப்பார். இவங்க அப்படி இல்லைன்னு பாத்ததுமே தெரிஞ்சது. பிளாஸ்க்லேருந்து வெந்நீர் ஊத்திக் குடிச்சாங்க. கண்ணாடிக்கு மேல எங்களை ஒவ்வொருத்தரா பாத்தாங்க.

"ஃபைலை முழுசா படிச்சுட்டேன்"னாங்க. "இந்தப் பொண்ணைப் பத்தி ஃபைல்ல இல்லாத ஒண்ணு, ஒரே ஒண்ணு சொல்லுங்க. சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுங்க. சார், நீங்க முதல்ல."

ஷோரூம் சார் தொண்டையைச் செருமினார். "ரொம்ப நல்ல பொண்ணுங்க. படிப்புல அவ்வளவு ஆர்வம்."

"என்ன படிக்க ஆசைப்படறா?"

"அது வந்து… மேற்படிப்பு."

"அவ பேரென்ன சார்?"

சார் என்னைப் பாத்தார். நான் மேல ஃபேனைப் பாத்தேன்.

"ஏழுங்க"ன்னார் சார்.

சிரிக்காதீங்க. அவர் மேல தப்பே இல்ல, தப்பு என்னுது. எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு விழா மேடையில, உதவி பண்ண ஒருத்தர், நல்ல எண்ணத்துலதான், எங்க பொண்ணு ஒருத்தியோட பேரைச் சொல்லி அவ கதையை மைக்ல சொல்லிட்டார். அந்த வாரமே அவ இல்லத்தை விட்டு ஓடிட்டா. இன்னை வரைக்கும் எங்க இருக்கான்னு தெரியாது. அன்னைக்கு நான் ஒத்தைக் கால்ல நின்னு ஒரு விதி கொண்டு வந்தேன்: உதவி பண்றவங்களுக்கு எங்க பொண்ணுங்களோட பேர் தெரியக் கூடாது, முகம் தெரியக் கூடாது, கதை தெரியக் கூடாது. அறை நம்பர் மட்டும்தான். அவ்வளவு பத்திரமா பாத்துக்கிட்டேன். எவ்வளவு பத்திரம்னா, இன்னைக்கு இந்தப் பொண்ணைத் தெரிஞ்சவங்கன்னு உலகத்துல ஒருத்தர் இல்ல.

டாக்டரம்மா முறை வந்தது. "நான் ஒரு தடவை இவ ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பாத்திருக்கேன். ஓ பாசிட்டிவ்."

"அது ஃபைல்ல இருக்கு, டாக்டர்."

செயலாளர் எழுந்தே நின்னுட்டார். "எங்கள் குடியிருப்பு மக்கள் சார்பாக, இந்தச் சமுதாயப் பணியிலே—"

"உக்காருங்க சார்."

உக்காந்தார். முகத்துல அசடு வழிஞ்சது.

தலைவியம்மா மேஜை மேல இன்னொரு கட்டு ஃபைலைத் தூக்கி வெச்சாங்க. "உங்க இல்லத்திலேருந்து இதுக்கு முன்னாடி பதினாலு கேஸ். பதினாலுலயும் இதே மூணு கையெழுத்து. பாரத்துல 'தாயை நேரடியாக அறிந்தவர்'னு அச்சடிச்சிருக்கு, படிச்சீங்களா? இந்தப் பதினாலுல அஞ்சு குழந்தைங்க ஒரு வருஷத்துக்குள்ள திரும்பக் காப்பகத்துக்கு வந்துடுச்சு. ஒரு பொண்ணோட குழந்தைக்குக் காய்ச்சல்னா ஓடிப் போய்க் கதவைத் தட்ட ஒரு வீடு வேணும். இவங்க வீட்டுக் கதவை அந்தப் பொண்ணுங்க தட்டியிருப்பாங்களா? வீடு எங்கன்னாவது தெரியுமா?"

அந்த அஞ்சு குழந்தை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. கையெழுத்து வாங்கிட்டா என் வேலை முடிஞ்சது, நோட்டுல ஒரு டிக் அடிச்சுடுவேன்.

"அம்மா, நான் போடறேன் கையெழுத்து"ன்னு கத்தினேன். "இந்த நிமிஷமே!"

"நீங்க ஊழியர், செல்லாது. இருந்தாலும் கேக்கறேன். நீங்க சொல்லுங்க ஒண்ணு."

"அமைதியான பொண்ணுங்க. வாயே திறக்க மாட்டா."

அந்தப் பொண்ணு தலையைத் தூக்கி என்னைப் பாத்தா. கோபமா இல்ல, ஆச்சரியமா பாத்தா. எனக்கு அது என்னவோ பண்ணிச்சு.

தலைவியம்மா அவ பக்கம் திரும்பினாங்க. "நீ சொல்லும்மா. உனக்குன்னு யாராவது இருக்காங்களா?"

அவ குழந்தையைத் தோள் மாத்திக்கிட்டா. "இருக்காங்கம்மா. நான் ஒரு போன் பண்ணிக்கலாமா? மூணு போன்."

"யாருக்கு?"

"எங்க பின்கேட்டுக்கு வரவங்களுக்கு."

பின்கேட்! எங்க இல்லத்துக்குப் பின்னாடி ஒரு இரும்புக் கேட் உண்டு. ரொட்டி வண்டி, தண்ணி வண்டி, லாண்டரி வண்டியெல்லாம் அந்தப் பக்கம்தான் வரும். கனமான வேலை செய்யக் கூடாதுன்னு கர்ப்பமா இருந்தப்ப இவளுக்கு அந்தக் கேட்டுல சாமான் எண்ணி வாங்கற வேலை கொடுத்திருந்தாங்க. நான் அந்தப் பக்கம் எட்டிப் பாத்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு எனக்கே தெரியாது.

"நம்பர் இருக்கா?"ன்னு கேட்டாங்க தலைவியம்மா. எங்க பொண்ணுங்ககிட்ட செல்போன் கிடையாது, அதுவும் ஒரு விதி.

"மனப்பாடம்மா. வண்டியில பெயின்ட்ல எழுதியிருக்குமே, தினமும் பாக்கறேன்."

மேஜை மேல இருந்த போனை அவ பக்கம் தள்ளினாங்க. அவ ஒரு கையில குழந்தை, ஒரு விரல்ல நம்பர். கடகடன்னு அடிச்சா. நானூத்திப் பன்னெண்டு நம்பர் வெச்சிருக்கற எனக்கு ஒண்ணு கூட மனப்பாடம் கிடையாது.

"ரொட்டிண்ணே, நான்தான். ஆமா, இன்னைக்கே. குழு ஆபீஸ். அஞ்சு மணிக்குள்ள. வண்டியோடவே வாங்கண்ணே, எங்க வேணா நிறுத்திக்கலாம், நான் சொல்லிக்கறேன்!"

அந்தக் குரலை நான் கேட்டதே இல்ல. கணீர்னு இருந்தது.

அப்ப மணி மூணு ஐம்பது. அஞ்சு மணிக்கு விசாரணையை மூடிடுவோம், அதுக்குள்ள மூணு பேரும் வந்தாகணும்னு தலைவியம்மா கறாரா சொல்லிட்டாங்க. நான் வாசலுக்கும் அறைக்குமா நடந்து நடந்து ஆபீஸ் ப்யூன் எரிச்சலாயிட்டார். "உக்காருங்கம்மா, தரை தேஞ்சிடும்"னார்.

நாலு பத்துக்கு வெளிய பாம் பாம்னு ஹாரன். ரொட்டிக்காரர்! சட்டை முழுக்க மாவு. உள்ள வந்த வேகத்துல தலைவியம்மாவுக்கு ஒரு கும்பிடு, கடிகாரத்துக்கு ஒரு கும்பிடு.

"இந்தப் பொண்ணை உங்களுக்குத் தெரியுமா?"

"யாரு, வாயாடியையா? நல்லா கேட்டீங்க!"

நான் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டேன். வாயாடியா?

"வாய மூடவே மாட்டாம்மா. ஒரு ரொட்டி நசுங்கியிருந்தா போதும், வண்டியைத் திருப்ப விடாது. பிரசவ வலி எடுத்து ஆம்புலன்ஸ்ல ஏத்தறாங்க, ஏர்றதுக்கு முன்னாடி திரும்பி, 'அண்ணே, இன்னைக்கு ரெண்டு பாக்கெட் குறையுது'ன்னுச்சு! எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேக்கற பாரத்தை இதுதான் அந்தப் பின்கேட் மேல பேப்பரை வெச்சு எழுதிக் கொடுத்துச்சு. அன்னைக்கே சொல்லிட்டேன், உனக்கு எது ஒண்ணுன்னாலும் என் சம்சாரத்துக்குச் சொல்லியனுப்புன்னு. எங்க போடணும் கைநாட்டு?"

தலைவியம்மா சிரிக்கல. ஆனா பிளாஸ்க் மூடியைத் தப்பா திருகினாங்க, அதை நான் பாத்தேன்.

நாலு இருபத்தஞ்சுக்குத் தண்ணி வண்டிக்காரர் வந்தார். ஆள் மலை மாதிரி, பேச்சு மட்டும் வராது. ஒண்ணு சொல்லுங்கன்னதும் ரொம்ப நேரம் தொப்பியைக் கையில சுத்திட்டே நின்னார். நான் மனசுக்குள்ள, பேசுய்யா, பேசித் தொலைய்யான்னு கத்திட்டு இருந்தேன்.

"என் சம்சாரம் போய்ச் சேந்து எட்டு மாசம் ஆச்சுங்க"ன்னார். "எழுபது இடத்துக்குத் தண்ணி ஊத்தறேன். ஏன் தாடி விட்டிருக்கேன்னு கேட்டது இது ஒண்ணுதான். இப்பவும் தினம் கேக்கும், சாப்ட்டீங்களாண்ணேன்னு."

அவ்வளவுதான். குனிஞ்சு கையெழுத்துப் போட்டார்.

ரெண்டு ஆச்சு! மூணாவது லாண்டரி அக்கா, இன்னும் காணோம்னு அவ மறுபடி போன் அடிச்சா. போனை எடுத்தவங்க அலறினாங்க, எனக்கே கேட்டது. "பாலத்துமேல வண்டி நின்னுபோச்சுடி! உங்க இல்லத்துத் துணியைத்தான் ஏத்திட்டு வந்தேன். பின்னாடி நூறு வண்டி ஹாரன் அடிக்குது!"

மணி நாலு முப்பத்திரெண்டு. பாலம் ஊருக்கு அந்தக் கோடியில இருக்கு. அந்தப் பொண்ணு போனை வெச்சுட்டுக் குழந்தையை இறுக்கிக்கிட்டா. அவ கண்ணுல தண்ணி முட்டிச்சு, ஆனா அழல.

அப்பதான் ஷோரூம் சார் எழுந்தார். "கார் வெளிய நிக்குது. நான் போறேன்."

"சார், டிரைவரை அனுப்புங்க."

"டிரைவருக்கு வேகம் பத்தாது, நானே ஓட்டறேன்!"

செயலாளர் துள்ளி எழுந்தார். "பாலத்துக்குக் கீழதான் எங்க குடியிருப்பு! மெயின் ரோட்டுல போகாதீங்க, மாட்டிக்குவீங்க. எங்க பின்பக்கக் கேட்டைத் திறக்கச் சொல்றேன், குறுக்கால புகுந்து வந்துடலாம்." போன்ல வாட்ச்மேனைப் பிடிச்சு, "திற! பூட்டுச் சாவி இல்லைன்னா பூட்டை உடை!"ன்னு கத்தினார். இருபது வருஷத்துல அந்த மனுஷன் இவ்வளவு சின்ன வாக்கியம் பேசி நான் கேட்டதில்ல. டாக்டரம்மா குழந்தையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு, "நீ கொஞ்சம் தண்ணி குடிம்மா. உன் பேர் என்ன?"ன்னு அவகிட்ட மெதுவா கேட்டாங்க. அவ சொன்னா. என் விதி அங்க உடைஞ்சது. நான் தடுக்கல.

நாலு நாப்பத்தஞ்சு. நாலு ஐம்பது. தலைவியம்மா பேனாவுக்கு மூடி போட்டாங்க. நான் வாசல்ல நின்னு தெருவையே முழுங்கற மாதிரி பாத்துட்டு இருந்தேன். ஆறு மாசம், ஆறு மாசம்னு மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்தது. நாலு ஐம்பத்தஞ்சுக்கு அந்தப் பெரிய கறுப்புக் கார் ரோட்டோரத்துல ஏறி இறங்கித் திரும்பிச்சு. ஜன்னல் வழியா துணி மூட்டை பிதுங்கிட்டு இருந்தது. முன் சீட்டுல லாண்டரி அக்கா மடியில ஒரு மூட்டை, தலைக்கு மேல ஒரு மூட்டை.

"வந்தாச்சு!"ன்னு நான் போட்ட சத்தத்துல ப்யூன் டீயைக் கொட்டிட்டார்.

லாண்டரி அக்கா அம்பது வயசுக்காரங்க, வாட்டசாட்டமான ஆளு. மூட்டையை விட்டுட்டு வர மாட்டேன்னு தூக்கிட்டே உள்ள வந்தாங்க. "நாப்பத்தோரு பிள்ளைங்க துணி, தெருவுல போட்டுட்டா வர முடியும்?"

"ஒண்ணு சொல்லுங்க"ன்னாங்க தலைவியம்மா. "நேரமில்ல."

"சொல்றது என்னங்க, காட்டறேன்."

மூட்டையை மேஜை மேல அவுத்தாங்க. ஒரு சின்னச் சட்டையை எடுத்து காலரைப் புரட்டினாங்க. உள்பக்கம் பச்சை நூல்ல விரல் நகம் அளவுக்கு ஒரு மீன். இன்னொண்ணுல சிவப்புக் குடை. இன்னொண்ணுல மஞ்சள் நிலா. பூனை, ஏணி, சாவி, ஆமை. "இந்த இல்லத்துல துணிக்கு ஒரே அலமாரிங்க. எதுவும் யாருதும் இல்ல. இவ வந்த ரெண்டாவது வாரம் என்கிட்ட நூல் கேட்டா. பிள்ளைங்களுக்குப் படிக்கத் தெரியாதேன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு படம். எது வேணும்னு அதுங்களையே கேட்டுத் தைச்சா. இப்ப மீன் சட்டை மீனுக்குத்தான் போகும். நான் முப்பது வருஷமா துணி வெளுக்கறேன், இப்படி ஒருத்தியைப் பாத்ததில்ல. என் கடை மேல ஒரு அறை காலியா இருக்கு, கீழ வேலை இருக்கு. இவளும் பிள்ளையும் அங்க வரட்டும். கையெழுத்தை எங்க போடணும்?"

தலைவியம்மா ஆமைச் சட்டையைக் கையில எடுத்து, கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாத்தாங்க. அப்புறம் பேனா மூடியைத் திறந்தாங்க.

"தாயும் குழந்தையும் ஒன்றாகச் செல்ல அனுமதி"ன்னு எழுதி, கீழ தேதி போட்டாங்க. நாலு ஐம்பத்தொன்பது. ரொட்டிக்காரர் விசில் அடிச்சுட்டார், ஆபீஸ்ல! ஷோரூம் சார் தண்ணி வண்டிக்காரரைக் கட்டிப் பிடிச்சார், அவர் பாவம், தொப்பியோட திணறினார். குழந்தை பயந்து போய் வீல்னு அழுதது. லாண்டரி அக்கா அதை வாங்கி, "அடியே குட்டி, நம்ம வீட்டுக்குப் போலாமா?"ன்னு கொஞ்சினாங்க. நானும் சிரிச்சேன், கத்தினேன், எல்லார் கையையும் பிடிச்சுக் குலுக்கினேன். ஆனா அந்தப் பொண்ணு முகத்தை மட்டும் என்னால நேரா பாக்க முடியல.

வெளிய வந்ததும் அவ கையைப் பிடிச்சேன். "அஞ்சு மாசம் ஒரே கூரைக்குக் கீழ இருந்தோம். எனக்கு உன்னைப் பத்தி ஒண்ணுமே தெரியல பாத்தியா? மன்னிச்சுக்கோம்மா. நீ பேசவே மாட்டேன்னு நினைச்சேன்."

"நீங்க எப்பவும் போன்லயே இருப்பீங்கக்கா"ன்னா அவ. குத்தலா சொல்லல, உள்ளதைச் சொன்னா. "ஆனா எனக்கு உங்களைத் தெரியும். நீங்களும் அந்த அலமாரித் துணி போட்டு வளர்ந்தவங்கன்னு சமையல்காரம்மா சொன்னாங்க."

"அதுக்கென்ன இப்ப?"

அவ சிரிச்சுக்கிட்டே என் காலரைக் காட்டினா.

எனக்குப் புரியல. கோட்டைக் கழட்டிப் புரட்டிப் பாத்தேன். காலருக்கு உள்பக்கம் ஊதா நூல்ல, விரல் நகம் அளவுக்கு, ஒரு குட்டி டெலிபோன். சுருட்டை வயரெல்லாம் கூட இருந்தது. நாலு மாசமா என் கழுத்துல உரசிட்டே இருந்திருக்கு. நாப்பத்திமூணு வயசுல, என்னுதுன்னு ஒரு அடையாளம் போட்ட முதல் துணி அதுதான். நடுரோட்டுல நின்னு, போற வர ஆளுங்க பாக்க, ஓன்னு அழுதேன். வெக்கமே படல.

மறுநாள் என் மேஜையைத் தூக்கிட்டுப் போய்ப் பின்கேட் ஜன்னலோரமா போட்டேன். ஒயர் நீளம் பத்தலைன்னு ரொட்டிக்காரர் எங்கயோ போய் ஒயர் வாங்கிட்டு வந்து இழுத்துக் கொடுத்தார். கோட்டை மட்டும் துவைக்கப் போட எனக்கு மனசு வரல. வெள்ளிக்கிழமை லாண்டரி அக்கா வந்து கழுத்துல கை வெச்சே கழட்டிட்டாங்க.

"கொடு டெலிபோனு, நாறுது. பயப்படாத, உன்னுது உன்கிட்டதான் வரும்."